பால்குடி மறவாத குட்டிகள்

கோட்டைச் சமையற்கட்டுக்குப் பன்றி வளர்த்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்த காலம். கப்பல் வந்துவிட்டால் அவர்களுக்குத் தலைகால் புரியாது. ஒரு முறை, குட்டி போட்டு அரை மாதம்கூட ஆகாத தாய்ப்பன்றியை விருந்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். குட்டிகளைக் கொழுக்க வைத்து அடுத்த கப்பலுக்குக் கொடுக்க வேண்டுமாம். எதை ஊட்டிக் கொழுக்க வைப்பது என்று எந்த மகராசனும் சொல்லவில்லை.

அதே சமயம் காய்ச்சலில் கிடந்து எழுந்த எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. என் மகளுக்கு அப்போது கழுத்துகூட நிற்கவில்லை.

குட்டிகளுக்கும் பிள்ளைக்கும் ஊட்டும் பொறுப்பை என் வீட்டுக்காரரின் அக்கா எடுத்துக்கொண்டார். கெட்டியாகக் கொடுத்தால்தான் சதை பிடிக்கும் என்பது அவருடைய தீர்மானம். ஏரிக்கரை முழுக்க அதுதான் வழக்கம். இறால் தலையையும் தவிட்டையும் சேர்த்து, அகப்பை நிற்கிற பதத்தில் காய்ச்சி ஊற்றுவார்கள். வளர்ந்த குட்டிக்கு அது சரி. இவையோ பால்குடி மறவாதவை. என் மகளுக்கும் கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகத்தான் ஊட்டினார். தான் வெறும் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு மாவைப் பிள்ளைக்கு வைத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப்போகும்.

குட்டிகள் தின்றன. வயிறு பானையாக உப்பியது, முதுகெலும்பு துருத்தியது, கழிச்சல் நிற்கவில்லை. "தீனி பத்தல," என்று நாத்தனார் இன்னும் ஊற்றினார்.

ஒரு குட்டி செத்தது. பூச்சி இருக்கிறதா என்று பார்க்க என் வீட்டுக்காரர் அதை அறுத்தார். இரைப்பையில் தவிடும் இறால் ஓடும் அப்படியே கிடந்தன. குடல் நைந்த துணிபோல் மெலிந்து, உள்ளே மஞ்சள் தண்ணீர்.

"இன்னாமே இது, போட்டது போட்டபடியே கீது," என்றார். "இதுக்கு இன்னும் பால் வயிறு. தவிட்ட இன்னா பண்ணும்?"

நான் தூளியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே கிடந்தவளுக்கும் அதே உப்பிய வயிறு, அதே குச்சிக் கால்கள், அதே கழிச்சல்.

ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்தில் ஒரு மீனவப் பெண் பிள்ளை பெற்றிருந்தாள். அவளிடம் பால் குடிக்க மகளைப் படகில் கொண்டுபோனோம். பன்றிக்காரர் வீட்டுப் பிள்ளையா என்று அவள் மாமியார் முகம் சுளித்தாள். அந்தப் பெண் அதைக் காதில் வாங்கவில்லை. "இப்டி குடுக்கா," என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். என் மகள் ஆவலாகக் குடித்தாள். குடித்ததெல்லாம் தண்ணீராகப் போனது. சில நாளிலேயே அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"பால் இறங்குதுக்கா, ஒடம்புல ஒட்டலயே."

கெட்டுப்போன குடல் நல்ல பாலையும் ஏற்கவில்லை. மிச்சக் குட்டிகளுக்கு என் வீட்டுக்காரர் ஆட்டுப்பால் ஊற்றினார். இரண்டு பிழைத்தன, ஆனால் வளரவில்லை. கோட்டை ஆள் வந்து, பன்றி வளர்த்தீர்களா பூனை வளர்த்தீர்களா என்று ஏசிவிட்டு அவற்றையும் கொண்டுபோனான். என் மகள் பிழைக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் நாத்தனார் என் முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு நாளும் பசியில போடலயேமா! வயிறு ரொம்பத்தானே குடுத்தேன்!"

அவர்மேல் எனக்கிருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அவர் சொன்னது பொய்யில்லை. பிள்ளையைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் நான். பட்டினியில் செத்தவளின் வயிறு அப்போதும் நிறைந்துதான் இருந்தது.