பின்சீற் இல்லாத மஸ்டாங்

கார் கழுவுகிறவன் கண்ணில் முதலில் படுவது காரின் அழகு இல்லை, ஊத்தைதான். வாளியும் ஈரத்துணியுமாக வெளிநாட்டில் நாள் ஓட்டின உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலேர்மோவில் ஒரேத்தோப் பக்கம் நான் வேலை செய்த கராஜுக்கு ஒரு கார் வந்தது. அன்றைக்கு ஊத்தை தெரியவில்லை.

எங்கே போனது?

வெள்ளை மஸ்டாங். பழைய அமெரிக்கப் பெயர். ஆனால் இது பந்தயத் திடலில் ஓட்டவென்றே புதிதாகச் செய்த வகை. பல் வைத்தியர் ஒருவர் கப்பலில் இறக்குவித்தது. சாவியைத் தந்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். தூசி எடுக்கக் கதவைத் திறந்தால், பின்சீற் இல்லை. ரேடியோவும் இல்லை. சாவி என் கையில் இருக்கையில் களவு போனதாகவல்லவா வரும். அந்த மாதம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முதலாளியின் கடிதம் வேண்டும். கள்ளன் என்று பெயர் வந்தால் கடிதமும் இல்லை, இந்த நாட்டில் இருப்பும் இல்லை. வைத்தியர் திரும்பி வந்ததும், அவர் கேட்கமுதலே, "டொத்தோரே, நான் ஒண்டும் எடுக்கேல்லை" என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "செய்தவங்களே வைக்கேல்லை, ராசன். பாரம் குறைஞ்சால்தான் வேகம்."

மேல்மாடி சிஞ்ஞோரா

கராஜுக்கு மேலே குடியிருந்த இத்தாலிய அம்மா, எங்களுக்குச் சிஞ்ஞோரா, எங்கள் தண்ணீர் மெசின் சத்தத்துக்கே பொலிசைக் கூப்பிடுவேன் என்பவ. வைத்தியர் மஸ்டாங்கை ஸ்டார்ட் பண்ணினதும் நிலத்தின் அதிர்வு என் காலுக்குள்ளால் ஏறியது. என்னோடு வேலை செய்த மொரிசியஸ்காரன் வேலு, பிழிந்த துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். சிஞ்ஞோரா வீட்டுச் செருப்போடு படியிறங்கி வந்தா. நான் சமாதானம் சொல்ல வாய் திறந்தேன். அவ காரை ஒருதரம் சுற்றி நடந்துவிட்டுச் சொன்னா: "நிப்பாட்ட வேண்டாம். இன்னும் கொஞ்சம் கேப்பம்."

ஒரு சுற்று

ஒரு ஞாயிறு, துடைக்க ஆள் வேண்டும் என்று வைத்தியர் என்னையும் பந்தயத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நகரத்துக்குள் பஸ்ஸுக்குப் பின்னால் பொறுமையாகப் போகிற மனிதர். திடலில் ஹெல்மெற் ஒன்றைத் தந்து என்னைப் பக்கத்தில் இருத்தினார். அவர் காலை அமர்த்தினதும் என் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. வளைவில் கவிழப்போகிறோம் என்று நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன். கார் கோடு கீறினமாதிரித் திரும்பியது. அதற்குப் பிறகு பயம் இல்லை. இப்படியும் ஒன்றை மனிதர் செய்திருக்கிறார்களே என்ற நினைப்பு மட்டும்தான். இறங்கினதும், வந்த வேலைக்கு, துணியை எடுத்துக் காரைத் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்து, அந்த வேகத்தை மனைவிக்குக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். மொண்டெல்லோவில் ஒரு பணக்கார வீட்டில் வேலை முடித்து வந்து காலை நீட்டி இருந்தவ, முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னா: "அவ்வளவு கெதியாப் போய், வெளிக்கிட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தனீங்களோ?"

பலேர்மோவின் எத்தனையோ கார்கள் என் கையில் மினுங்கிப் போயின, எனக்குத்தான் கார் ஓட்டுகிற லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை.