காரின் பங்கு

போன செவ்வாய்க்கிழமை என் வலது கைச் சுட்டுவிரலுக்கு ஒரு வேலை கிடைத்தது.

ஐம்பது வயது வரைக்கும் அந்த விரல் செய்ததெல்லாம் என்ன? வகுப்பில் பிள்ளைகளை மிரட்டியது, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டது, அடுத்தவர் எழுத்தில் பிழை காட்டியது... அவ்வளவுதான்.

கதைக்குப் போகுமுன் எங்கள் வீட்டுக் கரண்ட் ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

நாடு முழுக்க மின்வெட்டு. கொழும்பில் இருந்து படிக்கிறவர்களுக்கும் இது புதிதில்லை. ஆனால் நானுஓயாவில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயங்களுக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு மேலே, மழையும் பனிமூட்டமும் சேர்ந்து ஜன்னலை மூடும் நேரத்தில் கரண்டும் போனால் அது வேறு இருட்டு.

இந்த இருட்டுக்கெல்லாம் என் மனைவி யசோ அசருவதில்லை. யாழ்ப்பாணத்துக்காரி. யுத்தத்தால் கரண்டே இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு, விளக்கில் படித்து, சயன்ஸ் டீச்சராகி இந்த மலைக்கு வந்தவள். அதே பாடசாலையில் நான் தமிழ் வாத்தியார். வீட்டில் ஃபியூஸ் போனால் ஏணி பிடிப்பது நான், ஏறுவது அவள்.

எங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அதன் பெட்டரிதான் எங்கள் வீட்டு மின்சார நிலையம். யசோ தன் கையாலேயே ஒரு சார்ஜர் செய்து கராஜில் வைத்திருக்கிறாள். கரண்ட் இருக்கும்போது அது பெட்டரியைச் சார்ஜ் பண்ணும். நிரம்பியதும் தானே நின்றுவிடும். கரண்ட் போனால், அதன் பலகைப் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் — ரிலே என்று பெயராம் — வீட்டில் பல்ப் தானாகவே எரியும், ரேடியோவும் பாடும். யாரும் எழுந்து போக வேண்டாம், தீப்பெட்டி தேட வேண்டாம். வீடே யோசிக்கிற மாதிரி!

யோசிக்கிற வீட்டில் ஒரு தொல்லையும் உண்டு. சில சமயம் அது நம்மைவிட நன்றாக யோசிக்கும்.

ஆரம்பத்தில் ஒருநாள் பல்பை எரித்துக்கொண்டே இருந்துவிட்டு, காலையில் பார்த்தால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அன்றைக்கே யசோ அந்தப் பெட்டியை மாற்றினாள். பெட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் காரின் ஹார்ன் ஒருதரம் கத்தும். சற்று நேரத்தில் எல்லாம் அணைந்துவிடும். மிச்சம் இருப்பது காரின் பங்கு. அதில் யாரும் கைவைக்கக் கூடாது.

எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! கிரிக்கெட் கடைசி ஓவருக்கு வந்திருக்கும். 'பாம்...' என்று கத்தும். ரேடியோ செத்துவிடும்.

"யசோ, ஒரே ஒரு ஓவர்தான்..."

"உங்கட ஓவருக்காகக் காரைப் பட்டினி போடேலாது. பேசாமல் இருங்கோ."

கீழே லயத்துப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். ஹார்ன் கேட்டால், "மாஸ்டர் வீட்டுக் காரு கத்திருச்சு, இனி மாஸ்டர் கத்துவாரு" என்று சிரிப்பார்களாம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சாயங்காலத்திலிருந்தே நல்ல மழை. வழக்கமான நேரத்தில் கரண்ட் போனது. வழக்கமான நேரத்தில் திரும்பி வரவில்லை. பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. எந்த நிமிடமும் ஹார்ன் கத்தலாம் என்று நான் ரேடியோவையும் யசோவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு தட்டப்பட்டது.

லயத்தில் இருக்கும் லெட்சுமணன். தொப்பலாக நனைந்திருந்தார். பின்னால் அவர் மனைவி சரோஜா, நிறைமாதம். அவளைத் தாங்கிப் பிடித்தபடி தோட்டத்து மிட்வைஃப்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் கெளம்புனோங்க, மாஸ்டர். மரம் சாஞ்சு ரோட்டையே அடைச்சுக் கெடக்கு. கரண்ட் வயரும் அறுந்து போச்சு. லயத்துல குப்பி லாம்புதான். ஒங்க வீட்லதான் வெளிச்சம் தெரிஞ்சிச்சு..."

மிட்வைஃப் அவரைப் பேசி முடிக்க விடவில்லை. "இதுக்கு மேல நேரமில்ல, டீச்சர். தலைப்புள்ள. என் கை எனக்குத் தெரியணும். லைட்டு நிக்குமா?"

"நிக்கும். உள்ள வாங்கோ" என்றாள் யசோ.

நிற்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கட்டிலை பல்புக்கு நேர் கீழே இழுத்துப் போட்டோம். அடுப்பில் தண்ணீர் ஏறியது. ஆண்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே சரோஜாவின் முனகல், மிட்வைஃபின் அதட்டல். நாங்கள் கூரையிலிருந்து கொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

'பாம்...'

லெட்சுமணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் அவருக்குத் தெரியாதா என்ன? "மாஸ்டர்... லைட்டு போயிருங்களா?"

உள்ளேயிருந்து மிட்வைஃபின் குரல் வந்தது. "இப்ப மட்டும் அணைச்சுறாதீங்க! கொடி கழுத்துல சுத்தியிருக்கு!"

யசோ வெளியே பாய்ந்து வந்தாள். கராஜுக்குள் ஓடி, பெட்டியின் மூடியைக் கழற்றி எறிந்தாள். பழகிய கைக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. என் சுட்டுவிரலைப் பிடித்து இழுத்து, உள்ளே ஒரு சின்னத் தகட்டின் மேல் வைத்தாள்.

"இதை அமத்திக்கொண்டு நில்லுங்கோ. நான் சொல்லுமட்டும் எடுக்கக் கூடாது."

"ஷொக் அடிக்காதா?"

"கார் பற்றரி, கடிக்காது. நீங்கள் விட்டால் நான் கடிப்பன்."

"அப்ப காரின் பங்கு?"

"அது அந்தப் பிள்ளைக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

என்னை நினைத்துப் பாருங்கள். ஃபியூஸ் போட்டறியாத ஒரு தமிழ் வாத்தியார். மழை. இருட்டு. விரல் நுனியில் ஒரு தகடு. விரலை எடுத்தால் வெளிச்சம் போய்விடும். வெளிச்சம் போனால்... அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது.

தன் பங்கில் கைவைத்ததற்கு ஹார்ன் இப்போது விட்டுவிட்டுக் கத்தியது. ஒவ்வொரு தடவையும் சத்தம் மெலிந்தது. ஜன்னலில் தெரிந்த வெளிச்சமும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

"வெரலு மரத்துப் போச்சுங்களா? நான் புடிக்கட்டுங்களா?" என்றார் பின்னாலேயே வந்து நின்ற லெட்சுமணன்.

"மாத்தும்போது அணைஞ்சுட்டா? வேணாம். நீங்க சாமிய கும்பிடுங்க."

அவர் கும்பிட்டார். நானும்தான் கும்பிட்டேன், ஒற்றைக் கையால்.

பிறகு உள்ளே சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. முனகல் இல்லை, அதட்டல் இல்லை. அந்த அமைதியைப் போல ஒன்றை நான் கேட்டதில்லை. இனியும் கேட்க வேண்டாம்.

குழந்தை அழுதது.

லெட்சுமணன் ஓடினார். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "போங்க, நான் இருக்கேன்" என்றேன். எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யசோ வந்தாள். "பெட்டைப்பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். இன்னும் கொஞ்சம் பிடியுங்கோ, தையல் கிடக்கு." சொல்லிவிட்டு உடனே போகவில்லை. என் விரலின் மேல் தன் விரலையும் வைத்து அமர்த்திக்கொண்டு நின்றாள். "விட்டிடாதேங்கோ" என்று இன்னொருதரமும் சொன்னாள். அவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள்!

விடிந்தபோது காரில் உயிர் இல்லை. ஆனால் கீழேயிருந்து ஆட்கள் கத்தி கோடரியோடு வந்து மரத்தை வெட்டி வழி பண்ணியிருந்தார்கள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் அப்படியே மேலே வந்து காரைச் சரிவில் தள்ளினார்கள். பின் சீட்டில் சரோஜா, மடியில் பிள்ளை, பக்கத்தில் மிட்வைஃப். பாதிச் சரிவில் எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது. நுவரெலியா ஆஸ்பத்திரி வரைக்கும் நான் அதை நிறுத்தவே இல்லை.

யாருக்கென்று நன்றி சொல்வது? மங்கிய வெளிச்சத்தில் கொடியை விலக்கிய அந்த மிட்வைஃபுக்கா? நேரத்துக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலி இல்லை என்று தெரிந்தும் கார் தள்ளியவர்களுக்கா? எல்லோருக்கும்தான். யாழ்ப்பாணத்து இருட்டு வருடங்களுக்கு நான் நன்றி சொல்லமாட்டேன். அதற்குள் இருந்து இவ்வளவையும் கற்றுக்கொண்டு வந்தவளுக்குச் சொல்வேன். சொன்னேன். "சரி சரி, ஏணியைப் பிடியுங்கோ" என்றாள்.

ஏணி எதற்கு? யசோ ஏற்பாட்டை மறுபடி மாற்றியிருக்கிறாள். இனி யாரும் விரலை வைத்து நிற்க வேண்டியதில்லை. வாசல் நிலைக்கு மேலே ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் காரின் பங்கும் வீட்டுக்கு வந்துவிடும். அவசரத்துக்கு மட்டும்.

நேற்று சாயங்காலம் கிரிக்கெட். கடைசி ஓவர். 'பாம்...' என்றது. மெல்ல எழுந்து சுவிட்ச் பக்கம் போனேன்.

யசோ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இப்ப ஆருக்குப் பிள்ளை பிறக்கப்போகுது?" என்றாள்.