பிரிஜிட் பிரெனனைத் தேடிய ஐந்து மாதங்கள்

ஐரிஷ்காரருடைய பாட்டன், பூட்டனைத் தேடிக் கொடுப்பது என் தொழில். என் பூட்டனின் பெயரைக் கேட்டால் முழிப்பேன். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராகச் சுமந்துகொண்டு லண்டனில் திரியும் உங்களுக்கு என் நிலைமை விளங்கும்.

புள்ளடி

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் குடும்பப் பெயருக்குப் பின்னால் ஒரு ராஜாவை எதிர்பார்த்துத்தான் வருவார்கள். ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருவரும் அப்படித்தான் வந்தார். அவருடைய பூட்டன் கூலித் தொழிலாளி. பழைய குடிசனக் கணக்கெடுப்புப் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டிருந்தார். கோபிப்பாரோ என்று பயந்துகொண்டு பிரதியை நீட்டினேன். அவர் அந்தப் புள்ளடியின் மேல் விரலை வைத்தபடி கேட்டார்: "இது அவர் தன் கையாலேயே போட்டதா?"

எந்த ஊர்?

மைக்கேல் பிரெனன் லண்டன் தெருக்களுக்குத் தார் போட்டு ஓய்ந்தவர். அயர்லாந்தில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் வளர்ந்தவர். கலியாணமாகாத தாய் பிரிஜிட் அவருக்கு விட்டுப்போனது பிரெனன் என்ற பெயரை மட்டும்தான். அந்தத் தாயைத் தேடித்தரச் சொல்லி என்னிடம் வந்தார்.

நம்மவர் வாய் ஊரைத்தானே முதலில் கேட்கும். நானும் தாயின் ஊரைக் கண்டுபிடித்து, ஐந்து மாதம் அயர்லாந்துப் பதிவுகளில் பிரிஜிட் பிரெனன்களைத் துருவினேன். மைக்கேல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து இதையே சொல்வார்: "அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. கொஞ்சம் கெதியாகப் பாருங்கள்."

கண் கிளினிக்

வெம்பிளியில் மனைவியைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். "மிசிஸ் சிவகுமார்" என்று இரண்டு தரம் கூப்பிட்டார்கள். சிவகுமார் என் பெயர். நான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி எழும்பிக்கொண்டே சொன்னாள்: "என்னையெல்லோ கூப்பிடுகினம். உங்களைக் கட்டின நாளில இருந்து இதுதானே என்ர பேர்."

அப்போதுதான் எனக்குப் பிரிஜிட்டின் நினைவு வந்தது. கலியாணமாகாதவர் என்று பதிவில் இருந்ததால், பிரிஜிட் கடைசிவரை அப்படியே இருந்திருப்பார் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். அப்படிப் பிள்ளையை விட்டுப் பிரிந்த பெண்கள் பலர் அந்தக் காலத்தில் லண்டனுக்குத்தான் கப்பலேறினார்கள். அன்று பின்னேரமே லண்டன் திருமணப் பதிவுகளைப் பார்த்தேன். அவர் இங்கே ஓர் ஆங்கிலேயரைக் கட்டி, வேறு பெயரோடு ஈலிங்கில் வாழ்ந்திருக்கிறார். மறுநாள் அந்த விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டினேன். திறக்க ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னார்: "அவர் செத்துப்போய் ஏழு வாரம். பிள்ளை குட்டி யாரும் இல்லை, பாவம்."

கல்

மைக்கேலிடம் என் பிழையை மறைக்கவில்லை. நான் முதல் மாதமே லண்டனில் தேடியிருந்தால் அவர் தாயைக் கண்டிருப்பார். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னை ஏசவில்லை. கல்லறைக்குத் தானே கல் வைப்பதாகச் சொன்னார். பிறந்த பெயரை எழுதுவதா, கட்டிய பெயரை எழுதுவதா என்று கேட்டேன்.

"இரண்டையும் எழுதுங்கள். இனி யாராவது அம்மாவைத் தேடி வந்தால், அவர்கள் சுணங்கக் கூடாது."

இப்போது ஒரு பெண்ணைத் தேடச் சொன்னால் ஊரைக் கேட்குமுன் கலியாணத்தைக் கேட்கிறேன். இருபது வருட அனுபவம் என்று அலுவலகக் கதவில் எழுதியிருப்பவன் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.