என் மாமனாரின் சாலட் தட்டு

என் மாமனார் வால்டெமாரைப் போல அளவாகச் சாப்பிடுகிறவர் பைசாண்டு ஊரிலேயே இல்லை என்று மாமியார் இர்மா பெருமையடித்துக்கொள்வாள். அவருக்கு லாரி டயர் மாற்றும் தொழில். ஞாயிறானால் கொல்லையில் விறகை மூட்டி இடுக்கியைக் கையில் எடுத்துவிடுவார். எங்கள் ஊர் வழக்கப்படி இறைச்சி சுடுகிறவர் உட்காருவதில்லை. கடைசியில் எல்லோரும் அவருக்குக் கைதட்ட வேண்டும். அதை வாங்கிக்கொள்ள அவர் மேஜைக்கு வரும்போது தட்டில் கொஞ்சம் சாலட்தான் இருக்கும்.

"புகையிலயே வயிறு ரொம்பிடுச்சு" என்பார்.

சுத்தப் பொய். கொழுப்பு சொட்டும் விலா, மொறுமொறு குடல், எல்லாவற்றிலும் முதல் துண்டு அவர் வாய்க்குள்தான் போகும். என் வாயை அடைக்க இரண்டாவது துண்டு எனக்கு.

போன மாதம் அவர் குடலில் குழாய் விட்டு இரண்டு கட்டிகளை எடுத்தார்கள். விட்டுவைத்தால் புற்றுநோயாக மாறக்கூடிய வகை.

"கொழுப்பு நிறைய சாப்பிடுவீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இவரா? கோழி கொறிக்கிற மாதிரி" என்றாள் இர்மா. மாமனார் கூரையைப் பார்த்தார்.

"அப்ப பரம்பரையா இருக்கலாம். உங்க பொண்ணுக்கும் குழாய் விட்டுப் பாத்துடணும்."

அன்று என் மனைவி மிர்த்தா சாப்பிடாமல் அழுதாள். அதை மாமனாரால் தாங்க முடியவில்லை. மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

"அந்த சாலட் பொய்ம்மா. நெருப்புகிட்ட நின்னே தின்னுட்டு வந்தேன். என் பொண்ணை விட்டுடுங்க."

"கொழுப்பு மிஞ்சினா குடல் கங்கு மாதிரி உள்ளுக்குள்ளயே கனன்னுகிட்டு இருக்கலாம், வலிக்காது. வருஷக்கணக்கா அப்படி இருந்தா புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடலாம். குறைச்சுக்குங்க. ஆனா பொண்ணு வந்துதான் ஆகணும். அப்பாவுக்கு இந்தக் கட்டி வந்தாலே பிள்ளைங்களைப் பாக்கணும்."

மிர்த்தா போனாள். ஒன்றுமில்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. மாமனார் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

உண்மை தெரிந்த இர்மா சும்மா விடுவாளா? "இடுக்கியக் குடு கிழவா" என்று பிடுங்கிக்கொண்டாள். அந்த ஞாயிறு அவர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். சுட்டு முடித்து வந்த இர்மாவின் தட்டில் கொஞ்சம் சாலட்.

"புகையிலயே வயிறு ரொம்பிடுச்சு" என்றாள்.

எல்லோரும் கைதட்டினோம். அவர் மட்டும் தட்டவில்லை.

அடுத்த ஞாயிறு நாற்காலியைத் தூக்கிப்போய் நெருப்புப் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"நீயே சுடு இர்மா. ஆனா வாயில வைக்காத. மிர்த்தாவ இன்னொரு தடவை அழ வைக்க என்னால முடியாது."

விலாத்துண்டோடு வாய்க்குப் போன இர்மாவின் கை பாதி வழியில் நின்றது. எனக்கு வரவேண்டிய இரண்டாவது துண்டும் அதோடு போயிற்று.