ஜவ்பர் மிதித்த தட்டு

ஜவ்பர் போய்விட்ட செய்தியை அவருடைய மகள் கட்டாரிலிருந்து எனக்குச் சொன்னாள். அவர் வீடு மாத்தளையில், என் வீடு ரத்தொட்டையில். பஸ் ஏறினால் அரை மணித்தியாலம். ஆனாலும் செய்தி கட்டாரைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. "அங்கிள், வாப்பா மவுத்தாகிட்டாங்க. சுபஹு தொழுதிட்டுச் சாஞ்சவங்கதான். ஒங்களுக்கு ஆராச்சும் சென்னாங்களோ தெரியல்ல."

யாரும் சொல்லியிருக்கவில்லை. "வலி ஏதும் இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "இல்ல அங்கிள், ஒண்டுமில்ல. தூக்கம் மாதிரித்தான்" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. பெருமூச்சுதான் வந்தது. நல்லவேளை, நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் போனார். இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னால் போயிருந்தால் நான் அவருடைய ஜனாஸாவுக்குப் போயிருக்க மாட்டேன். என்னை அறிந்தவர்களுக்கு அது தெரியும்.

இம்முறை போனேன். மையவாடியில் எல்லாரோடும் நின்று நானும் ஒரு பிடி மண் போட்டேன். பிறகு நடந்த அனுதாபக் கூட்டத்திலும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர்கள் எல்லாரும் படித்தவர்கள். மிளகு வியாபாரி, கராம்பு வியாபாரி, நேர்மையானவர், கொடையாளி என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் பதின்மூன்று பதினான்கு வருடங்கள் பேஸ் கிட்டார் வாசித்தவர், மாத்தளையிலிருந்து எல்கடுவ வரைக்கும் அவருடைய இசைக்குழு வாசிக்காத கல்யாண வீடு இல்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை. என்னைப் பேசக் கூப்பிடவும் இல்லை. அதனால் எழுதுகிறேன். அவர் வாசிக்க, அதற்கு ஆடியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இது.

எழுபதுகளின் நடுவில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டபோது, எல்கடுவப் பக்கத்தில் நான் வேலை செய்த தேயிலைத் தொழிற்சாலையின் துரை குடும்பத்தோடு கப்பலேறினார். அவருடைய மகன் போகும்போது தன் கிட்டாரை என்னிடம் கொடுத்தான். பங்களாவின் பின்பக்கம் நின்று அவன் வாசிப்பதைக் கேட்டே நான் பழகியிருந்தேன். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. கிட்டாரோடு சிவப்பு நிறத்தில் ஒரு வட்ட இரும்புத் தட்டும் தந்தான். சோற்றுக் கோப்பை அளவு. மேலே இரண்டு திருகுகள், நடுவில் ஒரு பொத்தான். "தையல் மெசினோட மிதிகட்டை அது, ஒன் பொஞ்சாதிக்குக் குடு" என்றார் பங்களாச் சமையல்காரர். எனக்கு அப்போது பெண்சாதியும் இல்லை, தையல் மெசினும் இல்லை. நானே கழற்றிப் பார்த்தேன். உள்ளே செத்துப்போன பெட்டரி ஒன்று இருந்தது. புதிதாக ஒன்றைப் போட்டு, கிட்டாருக்கும் அம்ப்ளிபயருக்கும் நடுவே அதைக் கொடுத்து, பொத்தானைக் காலால் அழுத்தினேன். கிட்டாரின் சத்தம் கிழிந்து, தடித்து, இழுபட்டு, நின்றுபோகாமல் நீண்டது. அதை ஃபஸ் பெடல் என்று சொல்வார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்தக் கிட்டாரோடு நான் ஜவ்பரின் குழுவில் சேர்ந்தேன். அங்கே அதற்குப் பெயர் தட்டு.

ஜவ்பருடைய கராம்புக் கடையின் பின்னறையில், மூட்டைகளுக்கு நடுவேதான் எங்கள் ஒத்திகை. அங்கே நான் முதல் தடவை தட்டை மிதித்ததும் அவர் பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினார்.

"அம்ப் பத்துது மச்சான்! கரண்ட நிப்பாட்டு!"

"ஒண்ணும் பத்தல. இதான் அந்தச் சத்தம்."

"இதா? இது கெட்டுப்போன சத்தம்டா."

"கெட்டுப்போகல. கெடுக்கிறதுக்கே செஞ்ச சாமான்."

அவர் குனிந்து தட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "வெள்ளக்காரன் ஒழுங்கா ஈக்கிறதக் காசு குடுத்துக் கெடுப்பானா?" என்று கேட்டார். பிறகு அவரே பிளக்கைச் செருகினார். "திரும்ப மிதி."

அந்தச் சத்தத்துக்கு ஊரில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணம். வழியில் மண் சரிந்து, மேளகாரர்களின் வேன் கீழேயே நின்றுவிட்டது. முகூர்த்தம் நெருங்குகிறது. பெண்ணின் தகப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஜவ்பர் என் காதருகே வந்து, "தட்ட மிதிச்சி நாயனம் வாசி" என்றார். "பைத்தியமா? கோவிச்சுக்குவாங்க" என்றேன். "தாலி கட்டுறப்போ மேளம் இல்லாட்டித்தான் கோவிப்பாங்க. வாசி மச்சான், நான் தவிலுக்குப் பேஸ் அடிக்கிறேன்." வாசித்தேன். கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் திருகு இரண்டையும் முழுக்கத் திருப்பினேன். லய வீடுகளிலிருந்து வந்திருந்த தோட்டத்துச் சனம் ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. பிறகு அட்சதை விழுந்தது. அதற்குப் பிறகு மேளகாரர் வந்திருந்தாலும் எங்களிடம் கெட்டிமேளம் கேட்கத் தொடங்கினார்கள். சங்கீதம் படித்த ஆசிரியர் ஒருவர் அதை அபசாரம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருடைய மகளின் கல்யாணத்திலும் அதை வாசித்தேன். அவர் இப்போதும் இருக்கிறார். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

இனிப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

எண்பதுகளின் முடிவு, கிளர்ச்சிக்காரரும் இராணுவமும் மாறி மாறி ஆட்களைக் கொன்று போட்ட காலம். ரோட்டோரங்களில் என்னவெல்லாம் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கல்யாணம் முடிந்து விடியற்காலையில் ஜவ்பரின் லொறியில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் பின்னால் சாமான்களோடு இருந்தேன். சுதுகங்கைப் பாலத்தில் லொறி நின்றது. தூரத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம், இராணுவம் வாகனங்களை மறித்துக்கொண்டிருந்தது. ஜவ்பர் இறங்கி வந்தார், ஒரு வார்த்தை பேசாமல் என் பையைத் திறந்தார், தட்டை எடுத்தார், ஆற்றுக்குள் எறிந்தார். நான் எழுந்து நிற்பதற்குள் முடிந்துவிட்டது.

"என்னா வேலடா செஞ்ச?"

"வட்டமா ஈக்கிது. இரும்பு. உள்ளுக்குப் பெட்டரி, வயர். நடுவுல மிதிக்கிற பொத்தான். நீ தமிழன், நான் லொறிக்காரன். மிதிவெடி இல்லண்டு எப்பிடிச் செல்ல அவனுக்கு?"

"வாசிச்சிக் காட்டியிருப்பேன்!"

"வாசிக்க உட்டாத்தானே!"

தடையில் எல்லாவற்றையும் இறக்கி, ட்ரம்மின் தோலைக்கூடக் குத்திப் பார்த்தார்கள். கிட்டாரைக் கண்டு சிரித்தார்கள். ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். தட்டைக் கண்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள் என்று நான் அன்று சொன்னேன், இன்றும் சொல்கிறேன். "சிரிச்சும் ஈப்பான், சுட்டும் ஈப்பான். நான் அதச் சோதிச்சிப் பாக்கிற ஆளில்ல" என்றார் அவர். பொருள் என்னுடையது. கேட்டுவிட்டு எறிந்திருக்கலாம். அவர் கேட்கவில்லை.

அதோடு நான் பேச்சை நிறுத்தினேன். குழுவும் நின்றது. தோட்ட வேலையை விட்டுவிட்டு ரத்தொட்டையில் பாட்டுக் கெசட் கடை போட்டேன். நோன்புப் பெருநாள் வந்தால் ஜவ்பர் வீட்டிலிருந்து வட்டிலாப்பம் வரும். என் மனைவி வாங்கிக்கொள்வாள். நான் அதைச் சாப்பிடுவேன். அது வேறு விஷயம். தீபாவளிக்கு அவள் பலகாரம் அனுப்புவாள். அதையும் நான் தடுக்கவில்லை. ஆனால் ரோட்டில் எதிரே வந்தால் இந்தப் பக்கம் கடந்துவிடுவேன். அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் "மச்சான்" என்பார். நான் பதில் சொல்லமாட்டேன். பதினெட்டு வருடங்களாவது அப்படிப் போயிருக்கும்.

சமாதானப் பேச்செல்லாம் முறிந்து மறுபடியும் பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் அவர் என் கடைக்குள் நேரே வந்து உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். படியேறியதற்கே மூச்சு வாங்கினார். நெஞ்சில் அடைப்பு என்று ஊரில் கேள்விப்பட்டிருந்தேன்.

"ஒன்ட சாமான் ஆத்துல கெடக்குது. எனக்கு அது இங்க கெடக்குது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மகள் கம்பியூட்டர்ல தேடிட்டா. அந்தப் பழைய தட்ட அச்சு அசலா இப்ப திரும்பச் செய்யிறானாம். கொழும்புல ஒரு கடைக்கு எடுப்பிச்சி வச்சீக்கிறேன். வா, நீ வந்து கேட்டுப் பாரு. சத்தம் பிழைண்டா எடுக்க வாணாம்."

"நகலு எனக்கு எதுக்கு?"

"நகல்தான். அசலுக்கு மீனுக்கிட்டத்தான் போகணும். வா மச்சான்."

போனேன். தட்டுக்காகத்தான் போனேன். அவருக்காக என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

கொழும்புக் கடைக்காரர் அதை மேசையில் வைத்தார். அதே சிவப்பு வட்டம். "அப்படியே பழைய மாடல் அங்கிள், வித்தியாசம் கண்டுபிடிக்க ஏலாது" என்றார். நான் கண்டுபிடித்தேன். சிவப்பு கொஞ்சம் கூடுதல். பாரம் குறைவு. திருகுகள் இறுக்கம். அடியைக் கழற்றச் சொல்லி உள்ளேயும் பார்த்தேன். "இவரு பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கிறாரு, நீங்க குறையா எடுக்க வாணாம்" என்றார் ஜவ்பர் கடைக்காரரிடம். பிறகு எழுந்து வெளியே போனார். "எங்க போற?" என்றேன். "பாத்தா கண்ணு பொய் செல்லும். நான் ரோட்டுல நிண்டு காதால கேக்கிறேன். நீ வாசி."

கடையிலிருந்த கிட்டாரில் கெட்டிமேளம் வாசித்தேன். கடைக்காரர் தன் அம்ப்ளிபயரின் சத்தத்தைக் குறைக்க ஓடிவந்தார். கதவுக் கண்ணாடிக்கு அப்பால், நடைபாதையில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஜவ்பரின் வலது கை தொடையில் பேஸ் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாலத்துக்கு முந்தி ஈந்த சத்தம்" என்றார்.

"கொஞ்சம் சுத்தமா இருக்கு" என்றேன் நான்.

கடைக்காரருக்கு விளங்கவில்லை. ஜவ்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "எடுத்துட்டாரு. பெக் பண்ணுங்க."

திரும்பி வரும்போது, மாத்தளைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் பைகளோடு இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஜவ்பர். சிப்பாய் என் பைக்குள் கைவிட்டுத் தட்டை வெளியே எடுத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். நான் உள்ளதை உள்ளபடி சிங்களத்திலேயே சொன்னேன்: "காலால மிதிக்கிறது சேர். மிதிச்சா சத்தம் வரும்."

அவன் முகம் மாறிய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவன் தட்டை மெதுவாக ரோட்டில் வைத்துவிட்டுப் பின்வாங்கினான். துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. வரிசை கலைந்தது. யாரோ ஒரு பெண் கத்தினாள். அதிகாரி ஒருவர் என்னை முழந்தாளிடச் சொன்னார். நான் முழந்தாளிட்டேன். வாசித்துக் காட்டுவேன் என்று பாலத்தில் வீரம் பேசியவன், கைகளைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

அப்போது ஜவ்பர் கலைந்த கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். "மஹத்தயா, இங்க பாருங்க" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே, அந்த நெஞ்சு வருத்தக்காரர், யாரும் தடுக்கும் முன்னால் தட்டின் மேல் காலை வைத்து அழுத்தினார். அதிகாரி கத்தினார். சிப்பாய்கள் நிலத்தில் விழுந்தார்கள். டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். மறுபடியும் மிதித்தார். டிக். "வெடிக்கிறதுண்டா நான்தான் மொதல்ல போவேன். இது பாட்டுச் சாமான். வீட்டுல கரண்டுல குடுத்தா இப்பிடித்தான் கத்தும்" என்று சொல்லி, மூக்கால் நாயனம் வாசித்துக் காட்டினார். கைகளை மேலே தூக்கிக்கொண்டு, நடுரோட்டில், முழுக் கெட்டிமேளத்தையும். விழுந்து கிடந்த சிப்பாய்களில் ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இருவரையும் நன்றாக ஏசிவிட்டு அனுப்பினார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். ஜவ்பர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும், "இப்ப சரியா?" என்று கேட்டார்.

"சரியில்ல. அன்னைக்கும் இப்பிடி மிதிச்சிக் காட்டியிருக்கலாம்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "அப்ப என்ட புள்ளைகள் சின்னது மச்சான்" என்றார்.

மாத்தளையில் இறங்கியதும் அவருடைய பையையும் நானே தூக்கிக்கொண்டு அவர் வீடு வரைக்கும் போனேன். அன்று அங்கேயே தேநீர் குடித்தேன்.

அதன் பிறகு பின்னேரம் அசர் தொழுகை முடிந்த நேரங்களில் அந்தப் பழைய பின்னறையில், கராம்பு மூட்டைகளுக்கு நடுவே, நாங்கள் வாசித்தோம். "சத்தத்தக் கூட்டாத, பக்கத்துக் கடைக்காரன் அம்ப் பத்துதுண்டு ஓடிவருவான்" என்பார். யுத்தம் முடிந்ததையும் அவர் பார்த்துவிட்டார். கடைசி மாதங்களில் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் வந்தேன். யாரும் திறந்து காட்டச் சொல்லவில்லை. அது அவருக்குப் பெரிய சந்தோஷம். நான் உள்ளே நுழைந்ததும் கேட்பது அதுதான்: "ஆரும் மறிச்சானா?" "இல்ல." "அல்ஹம்துலில்லாஹ். அப்ப வாசி."

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தத் தட்டு. அசலா என்று கேட்கிறார்கள். இல்லை, நகல் என்று சொல்கிறேன். இதன் அடியில் ஒரு கீறல் இருக்கிறது. ஜவ்பர் மிதித்து அழுத்தியபோது தார் ரோட்டுக் கல் கீறியது. சுதுகங்கையில் கிடக்கும் அசலில் அது இல்லை. கொழும்புக் கடைக்காரர் புதிதாகப் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

பஸ்ஸில் "இப்ப சரியா?" என்று அவர் கேட்டதற்குச் சரியில்லை என்றேன், கடைசி வரைக்கும் அந்தப் பதிலை மாற்றிச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சரி, மச்சான். ஆனாலும் கேட்டுவிட்டு எறிந்திருக்கலாம்.