ஒன்று, இரண்டு, மூன்று, வையுங்கோ

என் அம்மாவுக்கும் அக்காவின் மாமியாருக்கும் போனை முதலில் யார் வைப்பது என்பது தினசரி வழக்கு. சம்பந்தி பேசிக்கொண்டிருக்கும்போது நாம் முந்திக்கொண்டு வைத்தால் மரியாதைக் குறைவு என்பது இருவரின் கட்சியும். "அப்போ வச்சிரட்டா மைனி?" என்று மதினி முறை சொல்லிக் கேட்பாள் அம்மா. "வையுங்கோ" என்பார் மறுமுனையில் அத்தை. யாரும் வைக்கமாட்டார்கள், புதிதாக ஒரு பேச்சு கிளம்பும். ஒருநாள் இருவருமாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து எண்ணி, ஒரே நேரத்தில் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டியது. நாடுகளுக்கிடையே போர் நிறுத்தம்கூட இத்தனை கறாராக நடந்திருக்காது.

நான் தக்கலையில் வீட்டிலிருந்தபடியே ஒரு பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். இணையம் வழியாகப் பேசும் செயலி எழுதுகிற கம்பெனி. புதுப் பதிப்பைச் சோதிக்க வாய் ஓயாமல் பேசுகிற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நான் வெளியே தேடவே இல்லை. அம்மாவின் போனிலும், சிதறாலில் இருக்கும் அத்தையின் போனிலும் போட்டுக்கொடுத்தேன். புத்தி கெட்டுப்போய் செய்த காரியம்.

அப்போது அக்காவுக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான் பிள்ளை பெறுவாள் என்று அம்மா தொட்டில்வரை துடைத்து வைத்திருந்தாள். அத்தையோ, டாக்டர் பக்கத்தில் மார்த்தாண்டத்தில்தானே, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். "உங்க இஷ்டம்போலச் செய்யுங்கோ மைனி" என்று அம்மா போனில் தேன் ஒழுகப் பேசுவாள். மூன்று எண்ணி வைப்பாள். போனை ஃப்ரிட்ஜ் மேல் கவிழ்த்துவிட்டு அதன் முன்னாலேயே நின்று ஆரம்பிப்பாள்.

"எனக்க பிள்ளைய எனக்க வீட்டுக்கு அனுப்ப இவளுக்கு என்ன? ஒரு முந்திரிக்கொத்து ஒழுங்கா சுடத் தெரியாது, கடிச்சா பல்லு வந்திரும். இவ பேறுகாலம் பாப்பாளாம்!"

அப்புறம் அழுவாள். பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருக்கும் நான் என் மைக்கை அவசரமாக அணைப்பேன்.

ஒரு புதன்கிழமை அக்கா கூப்பிட்டாள். குளியலறைக்குள்ளிருந்து, தணிந்த குரலில்.

"ஏலே, அம்மை போனை வச்ச பொறவு பேசுறது எல்லாம் இங்க கேக்குது. அத்தை எப்பவும் ஸ்பீக்கர்லதானே போடுவா. அடுக்களை முழுக்க அம்மைக்க சத்தம்."

"முந்திரிக்கொத்துமா?"

"பல்லு வந்தது வரைக்கும்."

"அத்தை என்ன சொன்னா?"

"நாற்காலிய இழுத்துப்போட்டு இருந்து கேக்கா."

அம்மாவின் போனை வாங்கிச் செயலியின் பதிவுகளைத் தோண்டினேன். எங்கள் செயலியில் ஒவ்வோர் அழைப்பையும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உள்ளே ஒரு கணக்கு உண்டு. திரை ஒரு பிடி, மைக் ஒரு பிடி. எல்லோரும் விட்டு, கணக்கு பூஜ்யத்துக்கு வந்தால்தான் அழைப்பு சாகும். ஒருவர் வைத்தால் மறுமுனைக்குத் தகவல் போகும், அங்கிருந்து 'சரி' என்று பதில் வந்ததும் மைக் தன் பிடியை விடும். இருவரும் ஒரே கணத்தில் வைத்தபோது இரண்டு போன்களும் மற்றது பதில் சொல்லட்டும் என்று காத்துக் கிடந்தன. திரை மூடிவிட்டது, அழைப்பு சாகவில்லை. எழுதியது நான்தான். எங்கள் வீட்டு வியாதி அதற்கும் ஒட்டிக்கொண்டதே என்று எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாள் மீட்டிங்கில் என் மேலாளரிடம் விளக்கினேன்.

"ரெண்டு பேரும் எண்ணி வைப்பாங்களா? எதுக்கு?"

"மரியாதைக்கு சார்."

"இப்படி எத்தனை பேர் பண்ணுவாங்க?"

"எங்க ஊர்ப் பக்கம் சம்பந்தி உள்ள எல்லாரும் சார்" என்று அடித்துவிட்டேன். அன்றைக்கே சரிசெய்யச் சொல்லிவிட்டார்.

அக்கா விடவில்லை. "சரி செய்யாண்டாம்லே. இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டு. அம்மை அழுறதக் கேட்டுக் கேட்டு அத்தைக்க மனசு எளகும், என்னைய அனுப்பிருவா."

"என் புரோகிராம்ல உள்ள பிழைய நம்பியா நீ பிள்ளை பெறப்போற?" என்று கத்தினேன். கத்தினாலும், அவள் சொன்னது நடந்துவிட்டால் நன்றாயிருக்குமே என்று எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் அம்மா தனியாக அழுவதை அவளுக்குத் தெரியாமல் இன்னொரு வீட்டு அடுக்களையில் ஒலிபரப்பிக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் வைத்தவர் தன் பிடியை விட்டுவிட வேண்டும் என்று நாலு வரி எழுதி, இரண்டு போன்களுக்கும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பேசினார்கள், மூன்று எண்ணி வைத்தார்கள். மடிக்கணினியில் பார்த்தேன். பூஜ்யம். அடுக்களையில் அம்மா ஃப்ரிட்ஜ் முன் நின்று அழுதாள். அந்த அழுகை எங்கும் போகவில்லை. வேலை சரியாக முடிந்ததற்கு இத்தனை வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது. அம்மா பதறி எடுத்ததில் கை ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"என்ன மைனி, வச்ச பொறவு ஒரு சத்தத்தையும் காணோம்? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார் அத்தை.

அம்மாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் வெளிறிப்போயிற்று.

"நீங்க... கேட்டேளா?"

"ஒரு வாரமா கேக்கேன்."

"முந்திரிக்கொத்து?"

"அதும் கேட்டேன்."

சிதறாலுக்கும் தக்கலைக்கும் நடுவில் இனிப் போக்குவரத்தே இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"அது கெடக்கட்டு. பிள்ளைய அனுப்புங்கோன்னு எனக்க மொகத்தப் பாத்து ஒரு வார்த்தை சொன்னேளா? என் இஷ்டம், என் இஷ்டம்னா நான் என்னத்த நினைக்க? உங்களுக்குத் தோதுப்படல்லயாக்கும்னு இருந்தேன்."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்க பிள்ளைய அனுப்பித் தாருங்கோ மைனி."

"ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டு விடுதேன்" என்றார் அத்தை. "அவளுக்க பெட்டிய அடுக்கி வச்சு நாலு நாளாச்சு. நீங்க எப்ப வாயத் தொறந்து கேப்பேள்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."