குபானிச்சும் காட்டுமிராண்டி வேலையும்

பிஷ்கெக் நகரில் எங்கள் அலுவலகத்துக் குபானிச்சுக்கு ஒரு கொள்கை உண்டு: பார்சரைக் கையால் எழுதுபவன் மனுஷனே இல்லை. மருந்துக்கடைகள் அனுப்பும் ஆர்டரைப் படித்து, மருந்து வேறு அளவு வேறு எனப் பிரித்துத் தரும் நிரல்தான் பார்சர். எங்களோடு வேலை பார்க்கும் பெரிசாத் அதை ஒரே வாரத்தில் கையால் எழுதி ஓடவிட்டாள்.

"காட்டுமிராண்டி வேலை, தங்கச்சி! இலக்கண விதியை மட்டும் எழுதணும். பார்சரை நான் செய்யப்போற கருவியே ரஸ்ட் மொழியில எழுதித் தள்ளிடும்."

"அது எப்பண்ணே வரும்?"

பதினொரு மாதம் கழித்து வந்தது. திங்கட்கிழமை, கடைக்காரர்கள் முன்னால் அது ஓடினால் புதிய குழுவுக்குக் குபானிச் தலைவன், இல்லையென்றால் பெரிசாத் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

விதிகளைப் படிக்கக் கருவிக்கே ஒரு பார்சர் வேண்டுமே! அதையும் கருவியே எழுதிக்கொள்ளும்படி செய்துவிட்டான் மகானுபாவன். முதலில் கையால் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் ஊருக்கே போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்துக் கொடுத்தான்.

திங்கள் காலை விதி எழுதும் முறையை இன்னும் அழகாக்கப் போனான். ஒரு விதி தப்பு. புதிய கருவி பழையதன் மேலேயே பதிந்தது. இனி அதற்கு எந்த விதியையும் படிக்கத் தெரியாது. தப்பைத் திருத்தலாம், ஆனால் திருத்தியதைப் படிக்கவும் அதே கருவிதான் வேண்டும்!

"பழைய பிரதி எங்கேய்யா?" என்றேன்.

"எல்லாத்தையும் துடைச்சிட்டேன். பாக்க அசிங்கமா இருந்துச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இவனோ தானே கையால் எழுதி எழுதி அழித்தான், ஒரு வரியும் ஓடவில்லை. கடைசியில் தேநீரோடு பெரிசாத்திடம் போய் நின்றான்.

"தங்கச்சி... விதியைப் படிக்க ஒரு சின்ன பார்சர்..."

"காது கேக்கல அண்ணே."

"கையால எழுதிக் குடும்மான்னேன்!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. தட்டிலிருந்த லக்மான் நூடுல்ஸ் ஆறுவதற்குள் அவள் எழுதி முடித்தாள்.

மதியம் கருவி பிசகில்லாமல் ஓடியது. குபானிச் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். நிரலைக் காட்டச் சொன்ன மேலாளர், அதன் முதல் வரியை உரக்கப் படித்தார்: "எழுதியவர்: காட்டுமிராண்டி."

"யாருப்பா அது?"

குபானிச் சுவரைப் பார்த்தான். நான் கூச்சமே படாமல் பெரிசாத்தைக் கை காட்டினேன்.

"அப்போ ஓட வச்சது இவதானே!" என்றார் மேலாளர். இப்போது அவள்தான் எங்கள் தலைவி. குபானிச் அவளுக்கு விதி எழுதிக் கொடுக்கிறான்.